எலிக்கு பிபி மருந்து கொடுத்தா ஹார்ட் ரேட் என்ன ஆகும், ஊட்டிக் குளிர்ல அத ஒழுங்கா அளக்குறது எப்படி

ஒவ்வொரு வருஷமும் மார்கழி பொறந்தா போதும், பார்மகாலஜி ஜூனியர் யாராவது ஒருத்தர் பிரிண்ட் அவுட்டோட டீக்கடைக்கே தேடி வந்துடுறாங்க, "அண்ணா ஹைட்ராலசின் கொடுத்தும் எலிக்கு ஹார்ட் ரேட் ஏறவே இல்லண்ணா, பவுடர் கெட்டுப்போச்சா"ன்னு. ஹைட்ராலசின்னா ரத்தக்குழாய விரிச்சு பிபிய எறக்குற மருந்து, கொடுத்தா ரேட் ஏறணும். பவுடர் ஒன்னும் கெட்டுப்போகல தம்பி, உன் எலி மருந்து குடிக்கிறதுக்கு முன்னாடியே குளிருக்கு நிமிஷத்துக்கு 480 துடிப்புல ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு மேல அது எங்க போயி ஏறும். வர்க்கிய டீயில முக்கிக்கிட்டே இதையே நாலு வருஷமா வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, அதான் ஒரேடியா எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்லயே ஒன்னு சொல்லிடறேன். இது பர்மிஷன் வாங்கி முறையா வேலை செய்யறவங்களுக்கு எழுதுறது. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம், அதுக்குக் கீழ வர்ற மத்திய கமிட்டி, காலேஜ்ல இருக்குற அனிமல் எத்திக்ஸ் கமிட்டி, இதெல்லாம் தாண்டித்தான் ஒரு எலியக் கூட தொடணும். மருந்து கொடுத்தா பிபி எப்படி ஆடுது, ரேட் எப்படி ஆடுதுன்னு சும்மா பாத்துப் புரிஞ்சுக்கணும்னா அதுக்கு உயிரே தேவையில்ல, ஜிப்மர்ல பண்ண எக்ஸ்பார்ம் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல நாயோட பிபியும் ஹார்ட் ரேட்டும் ஸ்கிரீன்லயே ஓடும், எத்தன தடவ வேணாலும் ஊசி போட்டுப் பாக்கலாம், ஒன்னும் சாகாது. நான் உட்பட எல்லாரும் மொதல்ல அங்கதான் ஒரு வாரம் விளையாடணும்.

பிபி எறங்கிடுச்சுல்ல, ரேட் எதுக்கு?

ரிவியூல கேக்குற கேள்வி இது, கேக்க ஈசி. பிபி எவ்வளவு எறங்குச்சுங்கறது மருந்து வேலை செஞ்சுச்சான்னு மட்டும்தான் சொல்லும், அது எந்த வழியா எறங்குச்சுங்கறத ஹார்ட் ரேட்தான் காட்டிக்கொடுக்கும். கழுத்துல கரோட்டிட் சைனஸ்லயும் அயோர்ட்டா வளைவுலயும் பேரோரிசெப்டர் இருக்கு, ரத்தக்குழாய் சுவர் எவ்வளவு இழுபடுதுன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும், பிபி எறங்கி சுவர் தளர்ந்துச்சுன்னா மூளைத் தண்டுக்குப் போற சிக்னல் குறையும், உடனே இதயத்த மெதுவாக்குற வேகஸ் நரம்பு பிரேக்க விட்டுடும், அத வேகமாக்குற சிம்பதெடிக் நரம்பு ஆக்சிலரேட்டர மிதிக்கும், இதயம் ஓட ஆரம்பிக்கும், இதுக்குப் பேருதான் பேரோரிஃப்ளெக்ஸ். மேல்தொட்டியில மிதக்குற பால் வால்வு மாதிரிதான், தண்ணி எறங்குனா தானா தெறந்துக்கும். பிபியும் துடிப்பும் எதிரும் புதிருமாப் போகும்னு பிரெஞ்சுக்காரர் மாரே 19ஆம் நூற்றாண்டுலயே சொல்லி வச்சுட்டார்.

அப்போ ஒரு மருந்து பிபிய எறக்குது, ரேட் ஏறுதுன்னா, அது ரத்தக்குழாய விரிக்குது, இதயம் அதுக்கு பதில் சொல்லுதுன்னு அர்த்தம். பிபியும் எறங்கி ரேட்டும் எறங்குனா அந்த மருந்து இதயத்து மேலயோ மூளையிலயோ நேரா கை வைக்குது. பிபி எறங்கி ரேட் அப்படியே நின்னா, அதுதான் யோசிக்க வைக்கும், அந்த ரிஃப்ளெக்ஸ யாரு நிறுத்துனாங்கன்னு.

எந்த மருந்துக்கு என்ன எதிர்பாக்கலாம்

ஹைட்ராலசின்தான் பாடப்புத்தக உதாரணம். ஆர்ட்டீரியோல்ங்கற சின்ன ரத்தக்குழாய நேரா விரிக்கும், மயக்கம் இல்லாத எலியில பிபி சரியும், ரேட் கூடவே எகிறும். மினாக்சிடிலும் இதே கதைதான், நாய்ங்கள்ல அது கொஞ்சம் கொடூரம், பிபி விழுந்து துடிப்பு எகிறி நிக்கிறதால நாயோட வலது ஏட்ரியத்துலயும் பாப்பிலரி தசையிலயும் காயமே வந்துடும், டாக்சிகாலஜிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்ச விஷயம். ரேட் என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்ற உதாரணம் இதுதான். எஸ்எச்ஆர்னு சொல்ற பரம்பரையா பிபி உள்ள எலி இருக்குல்ல, 1963ல ஜப்பான்ல ஒகமோட்டோவும் அவோகியும் உருவாக்குனது, அதுக்கு ஹைட்ராலசின் மாசக்கணக்குல கொடுத்தா பிபி எறங்கும், ஆனா தடிச்சுப்போன இதயம் எதிர்பாத்த அளவுக்கு மெலியாது, சிம்பதெடிக்கும் கிட்னியில சுரக்குற ரெனினும் பின்னாடி நின்னு தள்ளிட்டே இருக்கும்.

நிஃபெடிபின் ரேட்ட ஏத்தும், ஆனா அதே கால்சியம் சேனல் குடும்பத்துல வெராபமிலும் டில்டியாசமும் இதயத்துக்குத் தாளம் போடுற எஸ்ஏ நோடையே நேரா மெதுவாக்கும். அதனால "கால்சியம் பிளாக்கர் கொடுத்தோம்"னு மொட்டையா எழுதாதீங்க, எது கொடுத்தீங்கன்னு எழுதுங்க. வெராபமில்ல இன்னொரு கூத்தும் உண்டு, முழிச்சிருக்குற எலியில ரிஃப்ளெக்ஸ் ஒரு பக்கம் ரேட்ட மேல இழுக்கும், மருந்து ஒரு பக்கம் கீழ இழுக்கும், டோஸப் பொறுத்து ஒன்னு ஜெயிக்கும், அதனால ஒரே டோஸ் வச்சு முடிவு சொல்லிடக்கூடாது.

ப்ரோப்ரனலால், சிம்பதெடிக் தள்ளல இதயத்துல தடுக்குற பீட்டா பிளாக்கர், ஜேம்ஸ் பிளாக் குழு 1960கள்ல கொண்டு வந்தது, அவருக்கு 1988ல நோபலும் கிடைச்சுது, இதக் கொடுத்தா ரேட் நிமிஷத்துல எறங்கும், ஆனா பிபி அன்னைக்கே பெருசா எறங்கும்னு காத்திருக்காதீங்க, ஒத்த டோஸ்ல பிபி கிட்டத்தட்ட அசையாமலே கூட இருக்கலாம். பல பேரு இந்த இடத்துலதான் பயந்துபோயி டோஸ டபுள் பண்ணிடுறாங்க, பண்ணாதீங்க.

குளோனிடின் ஐவியா, அதாவது நேரா ரத்தக்குழாய்க்குள்ள, போட்டீங்கன்னா மொதல்ல பிபி ஏறும்! ரத்தக்குழாயில இருக்குற ஆல்ஃபா ரிசெப்டரத் தட்டிட்டு அப்புறமாத்தான் மூளையில வேலைய ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் பிபியும் ரேட்டும் ரெண்டும் எறங்கி ரொம்ப நேரம் கீழேயே கெடக்கும். நாள்கணக்குல கொடுத்துட்டு டக்குனு நிறுத்துனா ரேட் திருப்பி எகிறும், அதனால ஸ்டடி முடிஞ்ச மறுநாளும் அளந்துடுங்க, அதுல நல்ல டேட்டா இருக்கு.

கேப்டோப்ரில், லோசார்டன் ரெண்டும் பிபிய எறக்கும், ரேட் பெருசா மாறாது. பிராசோசின் கொடுத்தா ரேட் கொஞ்சம் ஏறும், ஆனா பழைய ஃபென்டோலமின் அளவுக்கு ஏறாது, ஏன்னா ஃபென்டோலமின் நரம்பு முனையில இருக்குற ஆல்ஃபா 2 பிரேக்கையும் சேத்துப் புடுங்கிடுது, நார்அட்ரினலின் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ரிசர்பின், நம்ம சர்ப்பகந்தா வேர்ல இருந்து வந்தது, பம்பாய்ல ருஸ்தம் ஜல் வக்கீல் 1949ல அந்த வேரப் பத்தி எழுதுன பேப்பர்தான் வெளிநாட்டுக்காரங்களத் திரும்பிப் பாக்க வச்சுது. அது நரம்புக்குள்ள இருக்குற ஸ்டாக்கையே காலி பண்ற மருந்து, அதனால எல்லாம் மெதுவா நடக்கும், கொடுத்துட்டு அரை மணி நேரத்துல அளந்துட்டு "எஃபெக்ட் இல்ல"ன்னு எழுதுனா தப்பு உங்களோடது.

இப்ப குளிருக்கு வர்றேன்

ஊட்டி 2240 மீட்டர் உயரம். இங்க ஜனவரியில குதிரைப் பந்தய மைதானப் புல்லு மேல உறைபனி வெள்ளையாப் படுத்திருக்குறத பாத்திருப்பீங்க, அதே ராத்திரிதான் உங்க எலியும் அனிமல் ஹவுஸ்ல படுத்திருக்கு. எலிக்கு உடம்பு சிரமப்படாம இருக்குற வெப்பநிலை 28, 30 டிகிரி கிட்ட. நமக்கு சுகமா இருக்குற 22 டிகிரியே எலிக்குக் குளிர்தான், உடம்பச் சூடா வச்சுக்க சிம்பதெடிக் எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கும், ரேட்டும் பிபியும் மேலயே நிக்கும். நம்ம ரூம் ஹீட்டர் ராத்திரி கரண்ட் போனப்ப அணைஞ்சு, காலையில யாரும் கவனிக்கலன்னா கேக்கவே வேணாம்.

மத்திய கமிட்டி கைட்லைன்ல 18லருந்து 29 டிகிரி வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருக்கு. ஒரு குரூப்ப 18லயும் இன்னொரு குரூப்ப 26லயும் வச்சு அளந்தா ரூல்படி ரெண்டும் சரி, டேட்டாவாப் பாத்தா ரெண்டும் வேற வேற ஊரு எலி.

இது எனக்கே நடந்துச்சு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஒரு செடி எக்ஸ்ட்ராக்ட் வச்சு வேலை பண்ணிட்டு இருந்தேன், வால்ல பட்டை மாட்டி பிபியும் ரேட்டும் அளக்குற டெயில் கஃப் மெஷின் ஒன்னே ஒன்னுதான், அதனால கண்ட்ரோல் ஆறு எலிய காலையில எட்டரைக்கு அளப்பேன், எக்ஸ்ட்ராக்ட் குடிச்ச ஆறையும் பன்னெண்டு மணிக்கு மேல அளப்பேன். கண்ட்ரோலுக்கு சராசரி 455, எக்ஸ்ட்ராக்ட் குரூப்புக்கு 390. பீட்டா பிளாக்கர் மாதிரி ஒன்னக் கண்டுபுடிச்சுட்டோம்னு ரெண்டு நாளு காலு தரையில படல, வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன், சேரிங் கிராஸ்ல எல்லாருக்கும் பிரியாணி வேற. என் கைடு பேப்பர ஒரு பார்வை பாத்துட்டு கேட்டது ஒரே கேள்வி, "ரூம் எத்தன டிகிரி?" எனக்குத் தெரியல. அனிமல் ஹவுஸப் பாத்துக்குற அண்ணன்தான் மங்கி கேப்பக் கழட்டிட்டு சொன்னாரு, "அந்த ரூம்ல பதினோரு மணிக்கு மேல ஜன்னல் வழியா வெயில் நேரா எலிக்கூண்டு மேல விழும் சார், அப்பத்தான் அதுங்க நீட்டிப் படுக்கும், காலையில எல்லாம் ஒன்னு மேல ஒன்னு குமிஞ்சு கெடக்கும்". அடுத்த வாரம் ரெண்டு குரூப்பையும் மாத்தி மாத்தி, கண்ட்ரோல் ஒன்னு எக்ஸ்ட்ராக்ட் ஒன்னுன்னு அளந்தேன், வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. நான் அளந்தது வெயிலு.

இதுல இன்னொரு சிக்கலையும் கவனிக்கணும், முழிச்சிருக்குற எலி குளிர்ல ரேட்ட ஏத்தும்னு சொன்னேன்ல, மயக்கம் கொடுத்த எலி அப்படியே உல்டா. மயக்கத்துல உடம்பு சூட்டக் காப்பாத்திக்கத் தெரியாது, டேபிள்ல போட்ட கொஞ்ச நேரத்துலயே உடம்பு ஜில்லுனு ஆக ஆரம்பிக்கும், உடம்பு ஆற ஆற ரேட் எறங்கிட்டே போகும், நீங்க அது மருந்தோட வேலைன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. ரெக்டல் புரோப் போட்டு ஹீட்டிங் பேட்ல 37 டிகிரியில நிறுத்துங்க, அது நிக்கிற வரைக்கும் பேஸ்லைனே, அதான் மருந்துக்கு முந்தின ரீடிங்கே, எடுக்காதீங்க. குளோனிடின், ரிசர்பின் மாதிரி மருந்துங்க தானாவே உடம்புச் சூட்டக் குறைக்கும், அதையும் சேத்துக்கோங்க.

அதனால செய்ய வேண்டியது என்னன்னா, அளக்குற ரூம்லயும் கூண்டு இருக்குற ரூம்லயும் மினிமம் மேக்சிமம் காட்டுற தெர்மாமீட்டர் ஒன்னு ஒன்னு மாட்டுங்க, காலையில வந்ததும் ராத்திரி எவ்வளவு எறங்கியிருக்குன்னு நோட்ல எழுதுங்க, ஹீட்டர யுபிஎஸ்ல போட முடியலன்னாலும் கரண்ட் வந்தா தானா ஆன் ஆகுற மாடலா வாங்குங்க, எலியோட கூண்டுல கூடு கட்டிக்க பேப்பர் துண்டு நெறைய போடுங்க. ராத்திரி ரொம்ப எறங்கியிருந்தா அன்னைக்கு அளக்காதீங்க, லீவு விடுங்க, எலிக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

உயரத்துக்கு ஏதாவது கரெக்‌ஷன் போடணுமான்னு கேப்பாங்க. மேனோமீட்டர், டிரான்ஸ்டூசர் எல்லாம் சுத்தி இருக்குற காத்தழுத்தத்துக்கு மேல எவ்வளவுன்னுதான் காட்டும், அதனால பிபி ரீடிங்க மலைக்காக மாத்த வேண்டியதில்ல. ஆனா கீழ சமவெளியில பொறந்து வளந்த எலிய வண்டியில ஏத்தி கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி மேல கொண்டாந்து எறக்குனா, ஆக்சிஜன் கம்மி, குளிரு, வண்டிக் குலுக்கல் எல்லாம் சேந்து கொஞ்ச நாளு ரேட் ஒழுங்கா இருக்காது. மைசூர்ப் பக்கமிருந்து வர்ற வண்டின்னா பந்திப்பூர்ல ராத்திரி ஒன்பதுக்கு மேல கேட் மூடிடுவான், காலையில ஆறு மணிக்குத்தான் விடுவான், சப்ளையர்கிட்ட இத முன்னாடியே சொல்லி பகல்ல வர்ற மாதிரி பாருங்க. வழக்கமா ஒரு வாரம் பழக்குனா போதும்பாங்க, நான் ரெண்டு வாரம் விட்டுடுவேன்.

டெயில் கஃப்ல அளக்குறது

நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு கெடைக்கிறது இதுதான். உடம்புக்குள்ள டெலிமெட்ரி டிரான்ஸ்மிட்டர் வச்சு எலிய அதோட கூண்டுலயே சும்மா விட்டு அளக்குறதுதான் ராஜா, ஆபரேஷன் முடிஞ்சு ஆறுறதுக்கு ஒரு பத்து நாள் விட்டுட்டா ராத்திரி பகல் எல்லாம் தானா பதிவாகும், ஆனா வெலையக் கேட்டா நமக்கு ரேட் ஏறிடும்.

டெயில் கஃப்னா எலி ரெஸ்ட்ரெய்னர்ல அடைபட்டுத்தான் இருக்கணும், அடைபட்டாலே பயம், பயம்னாலே டாக்கிகார்டியா, அதான் ரேட் எகிறுறது. அதனால மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி அஞ்சு, ஏழு நாளு சும்மா உள்ள விட்டு பழக்குங்க, மொத நாளு அஞ்சு நிமிஷம், அப்புறம் கூட்டிக் கூட்டி, கஃப மாட்டி ஊதி விட்டு எடுத்து. எலி பழகிடுச்சான்னு எப்படித் தெரியும்னா, தானா டியூபுக்குள்ள நுழையும், உள்ள போயி திரும்பிக்கிட்டு மல்லுக்கு நிக்காது, மூக்கு மட்டும் ஆடும். பழகாதது மூத்திரம் போகும், கத்தும், கண்ணோரத்துல செவப்பா கண்ணீர் மாதிரி கட்டியிருக்கும், அது ரத்தம் இல்ல, ஸ்ட்ரெஸ்ல வர்ற போர்ஃபிரின், அத பாத்தா அன்னைக்கு அந்த எலிய விட்டுடுங்க.

வால் சூடா இல்லன்னா சிக்னலே வராது. எலி தன் உடம்புச் சூட்ட வெளிய விடுறதே வால் வழியாத்தான், குளிர்ல வால் ரத்தக்குழாய இறுக்கி மூடிடும். விரலோட பின்பக்கத்த வால்ல வச்சுப் பாருங்க, ஜில்லுனு வெளுத்துப்போயி இருந்தா இன்னும் நேரம் இருக்கு, ரோஸ் கலராகி கதகதன்னு ஆனதும் மானிட்டர்ல பல்ஸ் அலை ஒழுங்கா மேல எழும்பும். சேம்பர 32, 33 டிகிரி கிட்ட வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம். சீக்கிரம் ஆகட்டும்னு ஹேர் டிரையர் வைக்கிறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேணாம், அதிகச் சூட்டுலயும் ரேட் ஏறும், சத்தத்துக்கு வேற ஏறும்.

மொத ரெண்டு மூணு ரீடிங்கத் தூக்கிப் போடுங்க, அதுக்கப்புறம் எலி அசையாம இருந்தப்ப எடுத்த அஞ்சாறு ரீடிங்க்கு சராசரி. கூண்டு மாத்துன அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ரேட் மேலயே இருக்கும், அதனால தேங்காநார் மாத்துறது, எடை பாக்குறது எல்லாம் அளந்து முடிச்ச பிறகு. ஒரே ஆளு ஒரே நேரத்துல அளக்கணும், எலிங்களோட வரிசைய மட்டும் கலைச்சுடணும். எலி ராத்திரிப் பிராணி, பகல்ல தூங்கும்போது ரேட் கம்மி, சாயங்காலம் லைட் அணைஞ்சா ஏறும், அதனால காலையில எடுத்த பேஸ்லைனோட சாயங்காலம் எடுத்த எஃபெக்ட ஒப்பிடாதீங்க.

ஈசிஜி பேப்பர்ல எண்ணுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலி ரேட் 400ன்னா ஆர்-ஆர் இடைவெளி, அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல, 0.15 செகண்டு. பேப்பர் செகண்டுக்கு 50 மில்லிமீட்டர் ஓடுனா அது வெறும் 7.5 மில்லிமீட்டர். ஸ்கேல ஒரு மில்லிமீட்டர் தள்ளி வச்சு 8.5னு படிச்சீங்கன்னா ரேட் 353 ஆயிடும், 47 துடிப்பு காணாமப் போச்சு, அதுவும் பேப்பர் 25ல ஓடுனா அதே ஒரு மில்லிமீட்டர் தப்புல 84 துடிப்பு போகும். ஒரு இடைவெளிய அளக்காம பத்து இடைவெளிய சேத்து அளந்து வகுங்க, அதே தப்பு அஞ்சு துடிப்பா சுருங்கிடும். என் சீனியர் கத்துக்கொடுத்த உருப்படியான விஷயம் இது ஒன்னுதான்.

மயக்க மருந்து சண்டை

கழுத்து கரோட்டிட் ரத்தக்குழாயில கேனுலாங்கற சின்னக் குழாயப் போட்டு நேரா அளக்குறவங்களுக்கு மயக்க மருந்துதான் பாதி ரிசல்ட்ட தீர்மானிக்கும். நம்ம லேப்கள்ல எல்லாரும் கையில எடுக்குறது கெட்டமின் சைலசின், ஆனா சைலசினே ஆல்ஃபா 2 ரிசெப்டரத் தூண்டுற ஒரு அகோனிஸ்ட், குளோனிடினோட பங்காளி, அதுவே ரேட்டையும் பிபியையும் எறக்கி வச்சிருக்கும். அது மேல குளோனிடின் கொடுத்துட்டு எஃபெக்ட் கம்மியா இருக்கேன்னா எப்படி? பென்டோபார்பிட்டல் பேரோரிஃப்ளெக்ஸ அமுக்கிடும், ஹைட்ராலசின் டாக்கிகார்டியா வராமப் போறதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். யூரித்தேன் ரிஃப்ளெக்ஸ ஓரளவு விட்டு வைக்கும், ரொம்ப நேரம் நிக்கும், ஆனா கான்சர் வரவைக்கிற பொருள், அதனால எலிய திரும்ப எழுப்பாத எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு மட்டும்தான், நீங்களும் கிளவுஸ் இல்லாம அந்தப் பாட்டிலத் தொடாதீங்க. எதுவா இருந்தாலும் எந்த மயக்கம், எவ்வளவு, மருந்துக்கு எத்தன நிமிஷம் முன்னாடின்னு எழுதி வைங்க.

மருந்தக் கலக்குறதுலயும் ஜாக்கிரதை. நிஃபெடிபின் வெளிச்சம் பட்டா செத்துடும், தண்ணியில கரையவும் கரையாது, ரத்தக்குழாய விரிக்கிற நைட்ரோபுரசைடும் வெளிச்சத்துக்கு ஆகாது, சிரிஞ்சையே அலுமினிய ஃபாயில்ல சுத்துங்க. கேப்டோப்ரில தண்ணியில கரைச்சு வச்சுட்டு அடுத்த வாரம் வரைக்கும் ஓட்டாதீங்க, அன்னன்னைக்கு புதுசா. நிஃபெடிபின கரைக்க எத ஊத்துனீங்களோ, அத மட்டும் ஒரு குரூப்புக்குக் கொடுத்தே ஆகணும், ஏன்னா கரைக்கிற திரவமே ரேட்ட ஆட்டும்.

ரிஃப்ளெக்ஸ்தான்னு நிரூபிக்கிறது

ரேட் ஏறுச்சுன்னு மட்டும் எழுதுனா அது பாதி வேலை. ஏறுனது ரிஃப்ளெக்ஸாலயா இல்ல மருந்து இதயத்த நேரா தூண்டுதான்னு காட்டணும். மொதல்ல ப்ரோப்ரனலால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஐவியா கொடுத்து பீட்டா ரிசெப்டர அடைச்சுட்டு, ரேட் நிலையா நின்னதும் அதே டோஸ் ஹைட்ராலசின கொடுத்துப் பாருங்க, பிபி முன்ன மாதிரியே எறங்கி ரேட் ஏறாம நின்னா ஏத்தி விட்டது சிம்பதெடிக் வழின்னு பாதி கேஸ் முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஏறுச்சுன்னா வேகஸ் பிரேக்க விட்டது அந்த மிச்சம், அதுக்கு வேகஸ அடைக்கிற அட்ரோபின். முயல்ல செய்யறவங்க இங்க மாட்டுவாங்க, பல முயலுக்கு ரத்தத்துலயே அட்ரோபின உடைக்கிற என்சைம் இருக்கு, கொடுத்தது கரைஞ்சே போயிடும், அதுங்களுக்கு கிளைக்கோபைரோலேட் எடுங்க. நம்ம ஊரு கேரட்ட மட்டும் சந்தோஷமா தின்னுட்டு உங்க அட்ரோபின மதிக்காம உக்காந்திருக்கும்.

இன்னும் உறுதியா வேணும்னா இதயத்தத் தனியா எடுத்து, உடம்புக்கு வெளிய திரவம் பாய்ச்சித் துடிக்க வைக்கிற லாங்கெண்டார்ஃப் முறையில ஓட்டுங்க, 1895லருந்து இருக்குற டெக்னிக், அதுல மூளையும் இல்ல நரம்பும் இல்ல, ரிஃப்ளெக்ஸுக்கு வழியே கெடையாது. அங்க வெராபமில் ரேட்ட எறக்கும், அது நேரடி. ப்ரோப்ரனலால் அங்க பெருசா ஒன்னும் பண்ணாது, ஏன்னா தடுக்குறதுக்கு சிம்பதெடிக் தள்ளலே இல்லையே, இத வைவால கேட்டா பத்துக்கு எட்டு பேரு முழிக்கிறாங்க.

கணக்கு

ஒரு உதாரணத்துக்கு, எலியோட சராசரி பிபி 150லருந்து 110க்கு எறங்கி ரேட் 340லருந்து 430க்கு ஏறுதுன்னு வைங்க, 90ஐ 40ஆல வகுத்தா பிபியில ஒரு மில்லிமீட்டர் மெர்க்குரிக்கு 2.25 துடிப்பு. இதே எலிக்கு நைட்ரோபுரசைடு கொடுத்து இதே கணக்க போட்டு பக்கத்துல வைங்க. உங்க மருந்துக்கு அந்த எண்ணு ரொம்பக் கம்மியா வந்துச்சுன்னா ரிஃப்ளெக்ஸ எங்கயோ அது அமுக்குது. எஸ்எச்ஆர் எலிக்கு ரிஃப்ளெக்ஸே கொஞ்சம் மந்தம், அதனால அத பிபி இல்லாத விஸ்டார் ரக எலி எண்ணோட நேரா ஒப்பிடாதீங்க.

பேஸ்லைன் 480ல இருக்குற எலிக்கு எறங்க நெறைய எடம் இருக்கு, ஏற எடம் இல்ல. 320ல இருக்குறதுக்கு நேர்மாறு. அதனால மருந்து கொடுத்த பிறகு வந்த எண்ண மட்டும் டேபிள்ல போடாம பேஸ்லைனையும் பக்கத்துலயே போடுங்க, சதவீதமா மட்டும் காட்டி மறைக்காதீங்க. அப்புறம் ஒரு எலியில பத்து ரீடிங் எடுத்தா அது பத்து சாம்பிள் இல்ல, ஒன்னுதான், ஆறு எலின்னா எண் ஆறு. அறுபதுன்னு போட்டு பி வேல்யூவ சின்னதாக்குன தீசிஸ் ஒன்ன நானே பாத்தேன், யாரோடதுன்னு சொல்ல மாட்டேன்.

டேட்டா ஷீட்ல எலி நம்பர், எடை, மணி, மயக்கம், பேஸ்லைன் எல்லாத்துக்கும் முன்னாடி மொத காலமா "ரூம் டிகிரி"ன்னு ஒன்னு போட்டு வச்சிருக்கேன். அது காலியா இருந்தா நான் மிச்சத்தப் படிக்கிறதில்ல, ஜூனியருங்க இப்ப பிரிண்ட் அவுட்ட நீட்டும்போதே "பத்தொன்பதரை அண்ணா, வெயில் வரல"ன்னு சொல்லிக்கிட்டுத்தான் நீட்டுறாங்க.